வழக்குக்கு முன்னே ஒரு வக்கீல்

குருவிநத்தத்து ஆதிமூலம், கும்பிட்டவனையும் ஏன் கும்பிட்டான் என்று யோசிக்கிற ஆள். எங்கள் தெருவில் அவரிடம் யாரும் சுண்ணாம்புகூடக் கேட்கமாட்டார்கள். கேட்டால், "உங்கூட்ல இல்லியா?" என்று முகத்தையே பார்ப்பார். எனக்கு அவர் சித்தப்பா முறை. என்னையும் அவர் நம்பியதில்லை.

பெண்ணையாற்றங்கரையில் அவருக்குக் கொஞ்சம் கரும்பு, கொஞ்சம் நெல். நிலத்தின் நடுவில் ஓடிய வரப்புதான் எல்லை. இந்தப் பக்கம் பிரெஞ்சுக்காரன், அந்தப் பக்கம் இங்கிலீஷ்காரன். அந்தப் பக்கத்தில் அடுத்த நிலம் பங்காளி சிங்காரவேலுவுடையது. வாய்க்கால் தண்ணீர்ச் சண்டையில் இருவரும் பேச்சை நிறுத்தி நாலு வருஷம் ஆகியிருந்தது. என்றைக்காவது சிங்காரவேலு தன்மேல் பொய்க் கேசு போடுவான் என்று ஆதிமூலம் முடிவே கட்டிவிட்டார். மாட்டிய பிறகு வக்கீல் தேடுவது தாகம் எடுத்த பிறகு கிணறு வெட்டுகிற கதை என்பது அவர் கட்சி.

1934-இல் அறுப்பு முடிந்ததும் புதுச்சேரிக்குப் போய் மூன்று நாள் கோர்ட்டில் உட்கார்ந்தார். அங்கே பேச்செல்லாம் பிரெஞ்சு. ஒரு சொல் புரியவில்லை. அதனால் காதை விட்டுவிட்டுக் கண்ணால் கேட்டார். எந்த வக்கீல் நீதிபதியைப் பார்த்து இளிக்கிறார், எவர் கூண்டில் நிற்பவனிடம் குனிந்து விசாரிக்கிறார் என்று கவனித்தார். கொலைக் கேசு நடத்துகிற சிவப்பிரகாசம் என்பவர் மட்டும் ஒவ்வொரு முறையும் குனிந்தார். நான்காம் நாள் காலை ஆதிமூலம் அவர் வீட்டு வாசலில் நின்றார்.

"இன்னா பண்ணிட்டு வந்த?" என்றார் வக்கீல்.

"ஒண்ணும் பண்லீங்க."

"அப்ப இனிமேதான் பண்ணப் போறியா?"

"இல்லீங்க. ஆனா பண்ணதா சொல்லுவானுங்க."

வக்கீல் அவரை மேலும் கீழும் பார்த்தார். நம்பவில்லை என்பது முகத்திலேயே தெரிந்தது. ஆனாலும் பாடம் சொல்லிக்கொடுத்தார். பிடித்தால் பேரைச் சொல், ஊரைச் சொல். மற்ற எதைக் கேட்டாலும் என் வக்கீலைக் கேளுங்கள் என்று சொல். எதிலும் கைநாட்டு வைக்காதே.

ஊருக்குள் இது பரவ எத்தனை நேரம்? ஒன்றும் செய்யாதவன் கொலைக் கேசு வக்கீலைப் பிடித்து வைத்திருக்கிறான் என்றால் யாருக்கோ நாள் குறித்துவிட்டான் என்று பேசினார்கள். நானும் பேசினேன், பொய் சொல்வானேன். சிங்காரவேலு வயலுக்குத் தனியாகப் போவதை நிறுத்தினான்.

பத்து நாள் கழித்து ஆதிமூலத்தின் அரிவாள் காணாமல் போயிற்று. பிடியில் தம் பேரின் முதல் எழுத்தைச் சுட்டு வைத்திருந்தார். சிங்காரவேலுதான் எடுத்திருக்கிறான், ஏதாவது பிணத்துக்குப் பக்கத்தில் போடப் போகிறான் என்று அவருக்குத் தோன்றியது. மறுநாள் விடிந்ததும் கிளம்பினார். "எங்க போறீங்க?" என்று மனைவி அம்சவள்ளி கேட்டாள். அவர் பதில் சொல்லவில்லை.

அன்று விளக்கு வைக்கிற நேரத்தில் சிங்காரவேலுவின் வைக்கோல் போர் எரிந்தது. போர் இருந்தது இங்கிலீஷ்காரன் பக்கம். ஆதிமூலம் அடுத்த நாள் காலையில்தான் திரும்பினார். கடலூர் ரஸ்தாவிலிருந்து இறங்கித் தம் வயல் வழியாக வந்தவரை, வரப்பைத் தாண்டுமுன் அந்தப் பக்கத்துப் போலீசு பிடித்துக்கொண்டது.

"நேத்து சாயங்காலம் எங்கடா இருந்த?" என்றார் ஏட்டு.

"என் வக்கீலக் கேளுங்க."

"எந்த ஊரு வக்கீலு?"

"புதுச்சேரிங்க."

ஏட்டு சிரித்தார். "அவரு அங்கி அந்த வரப்போட சரி. இங்க செல்லாது."

மூன்று நாள் உட்கார்ந்து முகம் முகமாக எடைபோட்டவர், தினமும் மிதிக்கிற வரப்பை மறந்துவிட்டார். வேறு யாராயிருந்தாலும் இருந்த இடத்தைச் சொல்லித் தப்பித்திருப்பார்கள். இவர் வக்கீல் சொல்லிக்கொடுத்த பாடத்தையே பிடித்துக்கொண்டார். லாக்கப்பில் போட்டார்கள். தீ வைத்த குற்றம், வருஷக்கணக்கில் உள்ளே போவார் என்று ஊரே சொன்னது.

அம்சவள்ளி புதுச்சேரிக்கு நடந்தாள். வக்கீல் வீட்டுப் படியில் நின்று, "எப்படியாச்சும் காப்பாத்துங்க சாமி. புத்தி கெட்டுப்போயி கொளுத்திட்டாரு" என்றாள்.

"எப்ப எரிஞ்சிது?"

"வெளக்கு வெக்கிற நேரம்."

"அந்த நேரத்துல உன் புருசன் இதோ, இந்த எடத்துல உக்காந்திருந்தான். அரிவாளக் காணோம்னு என் உசுர எடுத்தான்."

அம்சவள்ளி படியிலேயே உட்கார்ந்துவிட்டாள்.

சிவப்பிரகாசம் கடலூருக்கு வந்தார். அங்கி போட முடியாது. சாட்சியாகக் கூண்டில் ஏறினார். அன்று அவன் எதற்கு வந்தான் என்று மாஜிஸ்திரேட் கேட்டார்.

"அவனப் புடிச்சா நான் வருவனான்னு கேக்க வந்தான்."

கோர்ட்டே சிரித்தது, சிங்காரவேலு உட்பட. ஆதிமூலத்தை விட்டுவிட்டார்கள். போரைக் கொளுத்தியது யார் என்பது கடைசிவரை தெரியவில்லை.

வெளியே வந்ததும் ஆதிமூலம் வக்கீலைக் கையெடுத்துக் கும்பிட்டார். "என்ன நம்பி வந்தீங்களே."

"நம்பிலாம் வரல. கண்ணால பாத்தேன், வந்தேன். பாக்கலன்னா, நீதான் கொளுத்துனன்னு நானும் நெனச்சிருப்பேன்."

அந்தப் பேச்சு ஆதிமூலத்துக்குப் பிடித்துப்போயிற்று. உள்ளதைச் சொல்கிற மனுஷன் என்று என்னிடமே பலமுறை சொல்லியிருக்கிறார்.

வீட்டுக்கு வந்ததும் அம்சவள்ளி சோறு போடவில்லை. நேரே குதிருக்குப் போனாள். நெல்லுக்குள் கையை விட்டு அரிவாளை எடுத்து அவர் முன்னால் வைத்தாள்.

"அவன் எடுக்கல. நீங்க அவன வெட்டிப்புடுவீங்கன்னு நாந்தான் ஒளிச்சி வெச்சேன்."

ஆதிமூலம் பிடியில் இருந்த எழுத்தைத் தடவினார். அவர் சந்தேகப்படாத ஆள் ஊரில் கிடையாது. இவள் ஒருத்தியைத்தான் விட்டு வைத்திருந்தார். "ஒரு வார்த்த கேட்டிருந்தா சொல்லியிருப்பேன்ல" என்றார்.

"கேட்டனே" என்றாள் அம்சவள்ளி. "எங்க போறீங்கன்னு கேட்டனே."