வெள்ளைக்கார அத்தான்

என் அக்காவை ஒரு வெள்ளைக்காரனுக்குக் கட்டிக்கொடுக்கப் போகிறார்கள் என்று நான் முழுமனதாக நம்பியிருந்தேன். சிரிக்காதீர்கள். முட்டாள்தான், ஆனால் மட்டக்களப்பு முறைப்படியான முட்டாள். எங்கள் பக்கத்தில் வீடு பெண்பிள்ளைக்குத்தான். கலியாணம் சரிவந்தால் வீட்டுக்குப் பெயின்ட் அடிப்பார்கள். தாயும் தகப்பனும் சட்டிபானையோடு பின்வளவுக்குப் போவார்கள். மாப்பிள்ளை முன்கதவால் வந்து குடியேறுவார்.

சண்டை கொஞ்சம் ஓய்ந்திருந்த காலம். வெளிநாட்டு உதவிக்காரர்கள் வாவியோரத்து எங்கள் தெருவைக் கண்டுபிடித்துவிட்டார்கள். ஷெல் விழுந்த சுவர்கள் இளமஞ்சளாகின, மதில்கள் உயர்ந்தன, ஜன்னல்களில் ஏசி சொட்டியது. கருவாடு விற்ற சந்திக்கடை கண்ணாடிக் கதவு போட்டு சீஸ் விற்றது. மற்ற வீடுகள் வாடகைக்குப் போகின்றன என்பது எனக்கும் தெரியும். ஆனால் அந்த வீடுகளில் பதினேழு வயதில் அக்கா இல்லையே!

எங்கள் வீட்டிலும் பெயின்ட் மணத்தது. அம்மா பின்வளவில் அடுப்பு போட்டார். ஒருநாள் அந்த நெட்டை வெள்ளைக்காரர் வந்து அறை அறையாகப் பார்த்தார். அக்கா தேத்தண்ணீர் கொண்டுபோனாள். பெண்பார்க்க வந்தவன் வேறென்ன செய்வான்?

வாசலில் கழற்றியிருந்த அவருடைய சப்பாத்துக்குள் உயிர் நண்டொன்றை விட்டேன்.

மனுஷன் துள்ளிய துள்ளலில் அக்கா விழுந்து விழுந்து சிரித்தாள். அம்மா சிரிக்கவில்லை.

“அந்தாள் வேற வீடு பாத்துப் போனா என்ன மனே செய்யிற?”

“போகட்டும்” என்றேன். அடித்தார். மறுகணம் அவரே அழுதார்.

அக்காவிடம் ஓடினேன். “அவருக்கு நீ என்ன சமைப்பா?”

கள்ளி, கண்ணை மூடித் திறப்பதற்குள் என் நினைப்பைப் பிடித்துக்கொண்டாள். “பாணும் சீஸும். உனக்கு நண்டுக்கறி வெச்சித் தாறன், வாயப் பொத்து.”

அடுத்த கிழமை, விடிந்ததும் வெள்ளைக்காரரின் ஜீப் வந்தது. அம்மா அக்காவின் நெற்றியில் திருநீறு பூசினார். அக்கா பின்சீட்டில் ஏறினாள். என்னைப் பார்த்து இம்முறை சிரிக்கவில்லை. “அத்தான், அக்காவ விடுங்க!” என்று கத்திக்கொண்டே சோதனைச்சாவடி வரை ஓடினேன். கொடி கட்டிய அந்த ஜீப்பை யாரும் மறிக்கவில்லை.

சண்டைக்கு ஆள் சேர்க்க வீட்டுக்கொரு பிள்ளை கேட்டு வந்த இயக்கக்காரர்கள் எங்கள் வாசற்படலையிலும் நின்று கதைத்துவிட்டுப் போயிருந்தது எனக்குத் தெரியாது. தெருவில் மற்றவர்கள் வாங்கிய வாடகையில் பாதிக்குத்தான் அப்பா வீட்டைக் கொடுத்திருந்தார். மிச்சத்துக்குப் பதிலாக அவர் கேட்டது, கொழும்பில் சின்னம்மா வீடுவரை அக்காவுக்கு அந்த ஜீப்பில் ஓர் இடம்.