இறங்காத முள்

எங்கேனும் டிரான்ஸ்பார்மர் முனகினால் ஆனைமலைத் தோப்புக்காரர் நினைவுக்கு வந்துவிடுகிறார். காட்டுப்பன்றிக்காக உயரழுத்த மின்வேலி போட்டிருந்தார். அனுமதியுள்ள வேலிப்பெட்டி விட்டு விட்டு டக், டக்கென்று அடிக்கும்; விரட்டுமே தவிர கொல்லாது. அவருடையது இடைவிடாமல் முனகியது; தொட்டதைக் கொல்லாமல் விடாது. வெள்ளை வேட்டி, மழித்த முகம். என்னோடு பேசும்போதும் கண் பெட்டியின் ஆம்பியர் முள்ளிலேயே இருந்தது. கம்பியை ஏதாவது தொட்டால் முள் எழும்.

நான் தோப்புக்குப் போயிருந்த அன்று மாலை அவர் இளநீரை நீட்டும்போதே முள் எழுந்து, இறங்காமல் நின்றது.

“ஏனுங்க, அணையுங்க! ஆளா இருக்கப்போவுது!” என்றேன்.

“ஈரப்புல்லு பட்டிருக்குமுங்க” என்று சிரித்தார். தரையோ காய்ந்து வெடித்துக் கிடந்தது.

நானே பாய்ந்து சுவிட்சை அணைத்தேன். வேலிப்பக்கம் திரும்பிய என் மணிக்கட்டை மிக மரியாதையாகப் பிடித்தார்.

“என்ன கெடக்குதுன்னு நான் பாத்துக்கறனுங்க. நீங்க பஸ்ஸுக்குப் போங்க. ரோட்டு வழியாவே போயிருங்க.”