ஐயா கொண்டுவந்த ரப்பர்ப்பால்

போத்தலின் மூடியைத் திறந்ததும் மூக்குக்குள் ஊசி ஏறியதுபோல ஒரு நெடி அடிக்கும், கண் கலங்கும், குசினிக்குள் நிற்கும் அம்மா, "அந்தச் சனியனை வெளியாலை கொண்டுபோய்த் திற" என்று சத்தம் போடுவா. அமோனியா கலந்த ரப்பர்ப்பாலின் மணம் அது. இன்றைக்கும் ஏதாவது ஒரு வைத்தியசாலையில் புதிதாகக் கழுவிய தரையிலிருந்து அந்த நெடி கொஞ்சம் எழுந்தால் போதும். புங்குடுதீவில் எங்கள் வீட்டு விறாந்தையும், சீமெந்து நிலத்தில் நாலு மூலையும் கல் வைத்து விரித்த கடதாசியும், அதற்கு முன்னால் சப்பாணி கட்டிக்கொண்டிருக்கும் என் தகப்பனாரும் ஞாபகத்துக்கு வந்துவிடுவார்கள்.

எழுபதுகளில் எங்கள் ஊரின் பல வீடுகளில் தகப்பன்மார் விருந்தாளிகளாகவே இருந்தார்கள். தெற்கே சிங்கள ஊர்களில் கடை வைத்திருந்தவர்கள், வருஷப்பிறப்புக்கும் கோயில் திருவிழாவுக்கும் பெட்டியோடு வந்து இறங்கி, பிள்ளைகளுக்குத் தங்கள் முகம் பழகுகிற நேரம் பார்த்துத் திரும்பிப் போய்விடுவார்கள். என் ஐயாவுக்கு, களுத்துறையிலிருந்து உள்ளே போகும் தெருவில், ரப்பர்த் தோட்டங்கள் சூழ்ந்த ஒரு சின்னப் பட்டினத்தில் சுருட்டுக்கடை இருந்தது. அவர் வீட்டில் நிற்கிற நாட்களில் அம்மா அலுமாரியிலிருந்து நல்ல கோப்பைகளை வெளியே எடுப்பா. நானும் தம்பியும் மெல்லிய குரலில் கதைப்போம். ஐயா கதிரையில் இருந்தபடி, "என்ன பிள்ளை, நீர் வடிவாய்ப் படிக்கிறீரோ?" என்று கேட்பார். "ஓம் ஐயா" என்பேன். அத்தோடு எங்கள் சம்பாஷணை முடிந்துவிடும். பெற்ற மகளை அவர் "நீர்" என்று கூப்பிட்டதை அப்போது மரியாதை என்று எண்ணியிருந்தேன். என்னோடு வேறு எப்படிக் கதைப்பதென்று அந்த மனிதருக்குத் தெரியவில்லை என்பது வெகுகாலத்துக்குப் பிறகுதான் எனக்கு விளங்கியது.

எனக்குப் படம் கீறுவதில் பைத்தியம். பள்ளிக்கூடத்துக்குப் புதிதாக வந்திருந்த சித்திர ரீச்சர், யாழ்ப்பாணப் பட்டினத்துக்காரி, வயதில் எங்களைவிட அவ்வளவு மூப்பு இல்லாதவ, ஒருநாள் தன் கைப்பைக்குள்ளிருந்து கட்டைவிரல் அளவு போத்தல் ஒன்றை எடுத்தா. இங்கிலாந்தில் இருந்த அவவின் அண்ணர் அனுப்பியது. அதிலிருந்த மஞ்சள் திரவத்தால் வெறும் கடதாசியில் ஒரு கொக்கை வரைந்து, அது காய்ந்ததும் முழுக் கடதாசியிலும் நீலத்தைக் கரைத்து ஓடவிட்டா. நீலமும் காய்ந்தபின் விரலால் உரசினா. ரப்பர் தோல் சுருண்டு சுருண்டு கழன்றுவர, நீலத்துக்கு நடுவே ஒரு துளி நிறமும் படாத வெள்ளைக் கொக்கு நின்றது. வகுப்பு முழுவதும் "ஓ" என்று கத்திவிட்டோம்.

"ரீச்சர், இது எங்கை வாங்கலாம்?" என்று கேட்டேன்.

"இப்ப ஒரு இடத்திலையும் ஏலாது. வெளிச்சாமான் ஒண்டும் வாறேல்லை. உதெல்லாம் ரப்பர்ப்பாலிலை செய்யிறதுதான் பிள்ளை" என்றா அவ.

நீர்வர்ணத்தோடு மல்லுக்கட்டியவர்களுக்கு என் கண்ணில் அன்றைக்கு ஏன் தண்ணீர் வந்தது என்று தெரியும். நீலத்தின் மேல் வெள்ளையைப் பூசினால் பழங்கஞ்சி நிறம்தான் வரும். வெள்ளை வேண்டுமென்றால் கடதாசியின் வெள்ளையைத்தான் தூரிகை படாமல் காக்க வேண்டும். வாடைக்காற்றில், தீவுக்கு வரும் கடல்நடுத் தெருவான தாம்போதிமேல் ஏறி விழுகிற கடலை எத்தனையோ தடவை கீறிப் பார்த்தும், அந்த நுரையையும் தூவானத்தையும் என்னால் காக்க முடிந்ததில்லை.

அந்த வாரம் அம்மா ஐயாவுக்குக் கடிதம் எழுதி முடித்ததும், அடியில் நான் ஒரு வரி சேர்த்தேன்: "ஐயா, வரும்போது கொஞ்சம் ரப்பர்ப்பால் கொண்டு வாருங்கோ. படம் கீறுவதற்கு." நான் அவரிடம் வாய்விட்டுக் கேட்ட முதல் சாமான் அதுதான். அம்மா வாசித்துவிட்டு, "ரப்பர்ப்பாலோ? அந்த மனிசன் உன்னை என்ன நினைக்கும்?" என்றா. ஆனால் வெட்டவில்லை.

சித்திரைக்கு ஐயா வந்தார். சந்தியில் பஸ்ஸை விட்டு இறங்கியவரைக் கண்டதும் நாங்கள் இரண்டடி பின்வாங்கினோம். எப்போதும் சலவை மடிப்புக் கலையாமல் வந்து இறங்குகிறவரின் வெள்ளைச் சேட்டு ஒரு பக்கம் முழுக்கப் பழுப்பேறி, மரப்பட்டைபோல விறைத்துக் கிடந்தது. கிட்டப் போனால் நெடி தாங்க ஏலாது.

"இஞ்சாருங்கோ, என்ன இது கோலம்?" என்று அம்மா பதறினா.

"உம்முடைய மகள் கேட்ட பால்" என்றார் ஐயா. "ரெயில் குலுக்கிலை தக்கை பறந்துபோச்சு. பெட்டி முழுக்கச் சனம் எழும்பி அங்காலை போட்டுது. கொழும்பிலையிருந்து நான் ஒராள்தான் ஒரு வாங்கு முழுக்க இருந்துவந்தனான்."

என் முகம் சுருங்கியதைக் கண்டிருக்க வேண்டும். பெட்டியைத் திறந்து, விசுக்கோத்துத் தகரத்துக்குள் மரத்தூள் அடைத்து வைத்திருந்த இன்னொரு போத்தலை எடுத்து நீட்டினார். "கடைக்காரன் எல்லோ. ஒண்டை மட்டும் நம்பி வெளிக்கிடுவனோ?" என்றார். தோட்டத்தில் தெரிந்த ஒருவரிடம் கேட்டு, திரையாமல் இருக்க அமோனியாவும் கலந்து வாங்கிக் கொண்டுவந்திருந்தார்.

அன்று பின்னேரமே வேலையைத் தொடங்கினேன். தொடங்கிய உடனேயே என் ஒரேயொரு நல்ல தூரிகை நாசமாய்ப் போனது. பால் மயிருக்குள் இறுகி, தூரிகை ஒரு ரப்பர்க் கட்டையாகிவிட்டது. விறாந்தையில் இருந்து சத்தமில்லாமல் அழுதுகொண்டிருந்தேன். ஐயா கதிரையிலிருந்து எட்டிப் பார்த்தார். பிறகு எழும்பி வந்தார். வேட்டியை ஒதுக்கிக்கொண்டு என் அருகில் நிலத்தில் இருந்தார். அவர் நிலத்தில் இருந்து நான் அதுவரை கண்டதில்லை.

"சவுக்காரத்திலை தோய்ச்சுப்போட்டுப் பாலிலை தொட்டால் ஒட்டாதோ?" என்று கேட்டார், எனக்குச் சொல்வதுபோல் இல்லை, தனக்குள் யோசிப்பதுபோல. தம்பியின் பழைய தூரிகையைச் சவுக்காரத்தில் தோய்த்துப் பார்த்தோம். ஒட்டவில்லை. மெல்லிய கோடுகளுக்கு ஈர்க்கின் நுனியைப் பல்லால் கடித்துக் கொடுத்தார். அடுத்த நாள் கடதாசியை வெயிலில் காயவிட்டு மறந்துபோனோம். உரித்தபோது ரப்பரோடு கடதாசியும் சேர்ந்து கிழிந்து வந்தது. "சரி, இனி வெயில் கூடாது" என்று இரண்டு பேரும் ஒரே நேரத்தில் சொல்லிச் சிரித்தோம். அம்மா குசினி வாசலில் வந்து நின்று எங்களைப் பார்த்துவிட்டு உள்ளே போனா.

என்ன படம் கீறப் போகிறேன் என்று கேட்டார். வாடைக்காலத்துத் தாம்போதி என்றேன்.

"கடல் றோட்டுக்கு மேலாலை ஏறுமோ இப்பவும்?"

"ஓம் ஐயா. பஸ்ஸுக்குள்ளையெல்லாம் தெறிக்கும். நீங்கள் கண்டதில்லையோ?"

"சின்னனிலை கண்டது" என்றார். "கடைக்குப் போனதுக்குப் பிறகு மாரியிலை நான் ஊரிலை நிண்டதில்லை. நத்தார் பண்டிகை வியாபாரம் எல்லோ." பிறந்த ஊரின் கடலை இத்தனை காலமும் வருஷப்பிறப்பிலும் திருவிழாவிலும் மட்டுமே கண்ட மனிதர் என்பது அப்போதுதான் எனக்கு உறைத்தது.

படம் காய்ந்த அன்று அவரையே உரசச் சொன்னேன். சுருட்டுக் கட்டிக் காய்த்துப்போன பெருவிரலால், கண்ணாடியைத் தொடுவதுபோல மெல்ல உரசினார். சாம்பல் கடலுக்குள்ளிருந்து நுரை எழும்பியது. பஸ்ஸின் மேல் தூவானம் தெறித்தது. ஐயா "அடேயப்பா!" என்று உரக்கச் சிரித்தார். பக்கத்து வளவுக்குக் கேட்டிருக்கும். அந்தப் படத்தைச் சுருட்டி, உடுப்புகளுக்கு நடுவே வைத்துக் கடைக்குக் கொண்டு போனார். கண்ணாடி போட்டுத் தன் மேசைக்கு மேலே மாட்டியிருப்பதாகவும், சாமான் வாங்க வருகிற சனம் இது எந்த ஊர்க் கடல் என்று கேட்பதாகவும் எழுதினார்.

சில காலத்துக்குப் பிறகு தெற்கில் தமிழருக்கு எதிராகக் கலவரம் வந்தது. றேடியோவில் ஊரடங்கு என்று மட்டும் சொன்னார்கள். தந்தி இல்லை, கடிதம் இல்லை. எங்கள் ஊரின் எல்லா வீடுகளிலும் பெண்கள் படலையில் நின்றார்கள். அம்மா சமைப்பா, எங்களுக்குப் போடுவா, தான் தொடமாட்டா. பிறகு, அகதிகளை ஏற்றிக்கொண்டு காங்கேசன்துறைக்குக் கப்பல் வருகிறது என்ற செய்தி வந்தது. ஐயா அதில் வந்தார். யாரோ கொடுத்த சாரம், யாரோ கொடுத்த சேட்டு, கையில் ஒரு பையும் இல்லை. அம்மா அவரைப் பிடித்துக்கொண்டு அழுதா. அவர் அம்மாவின் தோளுக்கு மேலால் என்னைப் பார்த்துச் சொன்னார்: "பிள்ளை, உம்முடைய படமும் எரிஞ்சுபோச்சு."

இருபது வருஷத்துக் கடை சாம்பலாகி வந்த மனிதர் என்னிடம் மன்னிப்புக் கேட்பதுபோல நின்றதை இன்றைக்கும் என்னால் தாங்க முடிவதில்லை.

அதன்பின் ஐயா கதிரையை விட்டு எழும்பவில்லை. விசாரிக்க வந்தவர்களுக்கு "ஓம், ஓம்" என்று மட்டும் சொன்னார். படலைக்கு வெளியே போகவே மாட்டார். சந்தியில் நிற்கிறவர்கள் கேட்பதற்கு மறுமொழி சொல்ல அவரால் ஏலாது. வாரங்கள் போயின. என் ரப்பர்ப்பாலும் போத்தலுக்குள் கட்டியாகிவிட்டது. தம்பியின் சைக்கிள் ரியூப்புக்கு ஒட்டுப் போடும்போதுதான், அந்தச் "சொலுசன்" காய்ந்து தோலாக உரிவதைக் கவனித்தேன். இதுவும் ரப்பர்தானே என்று அம்மாவிடம் சொன்னேன். சைக்கிள் கடைக்கு நானே ஓடியிருப்பேன். அம்மா என் கையைப் பிடித்துக் காதுக்குள், "நீ போகாதை. ஐயாவைக் கேள்" என்றா.

கேட்டேன். ஐயா என்னைப் பார்த்தார், அம்மாவைப் பார்த்தார். அம்மா குனிந்து முறத்தில் அரிசி புடைத்துக்கொண்டிருந்தா. பிறகு எழும்பிச் சால்வையைப் போட்டுக்கொண்டு சந்திக்கு நடந்தார். திரும்பி வந்தபோது அவர் கையில் சொலுசன் குழாய் இருந்தது, முகத்தில் வியர்வை.

"என்ன கீறப் போறீர்?" என்றார்.

"உங்கட கடையை. நான்தான் ஒருநாளும் காணேல்லையே. நீங்கள் சொல்லுங்கோ, நான் கீறுறன்."

முதலில் தயங்கித் தயங்கிச் சொன்னார். பிறகு நிற்கவில்லை. முன்னுக்கு ஒரு தாழ்வாரம், மழை வந்தால் தெருச்சனம் முழுக்க அங்கேதான் ஒதுங்கும், வாழைக்குலை தூங்கும், பின்னுக்கு மேடு முழுக்க ரப்பர் மரம். "சரிவாய் வெட்டுவினம். வெட்டின கோட்டாலை பால் இறங்கிச் சிரட்டைக்குள்ளை விழும். விடியப் போய்ப் பார்த்தால் மரத்துக்கு மரம் வெள்ளைக் கோடு." எதிரே ஒரு பேக்கரி. அங்கே வந்ததும் சால்வையால் முகத்தைத் துடைத்தார். "அந்தப் பேக்கரிக் கிழவன்தான் என்னைத் தன்ரை மா அறைக்குள்ளை விட்டுப் பூட்டினவன். வந்தவங்களுக்கு முன்னாலை அந்தப் பூட்டின்ரை திறப்பை மடியிலை வைச்சுக்கொண்டு இருந்தவன். அவன்ரை பேக்கரியையும் கீறு மோனை."

எங்களிடம் அதுவரை அவர் சொல்லாத கதை அது. "மோனை" என்று என்னைச் செல்லமாகக் கூப்பிட்டதும் அன்றைக்குத்தான்.

சொலுசனால் மரங்களில் கோடுகள் இழுத்தேன். பச்சையும் மண்நிறமும் மழைச்சாம்பலும் மேலே ஓடிக் காய்ந்தன. ஐயா உரசினார். ஒவ்வொரு மரத்திலும் பால் வழிந்தது. "இப்பிடித்தான் இருந்தது" என்றார். பிறகு குசினிப் பக்கம் திரும்பி, "இஞ்சாரும், ஒரு தேத்தண்ணி தாருமன்" என்றார். கப்பலால் வந்த நாள்முதல் அவராக வாய்விட்டுக் கேட்ட முதல் தேத்தண்ணி. அம்மா தண்ணீர் அள்ளப் போவதுபோலக் கிணற்றடிக்குப் போய் முகத்தைக் கழுவிக்கொண்டு வந்தா.

ஐயா திரும்பத் தெற்குக்குப் போகவில்லை. வீட்டு முன்னறையில் சின்னதாக ஒரு கடை போட்டார். மாரிக்கு மாரி என்னோடு தாம்போதிக்கு நடந்து வந்து, கடல் ஏறுவதைப் பார்த்துக்கொண்டு நனைந்தார். கடை எரிந்ததால்தான் எனக்குத் தகப்பன் கிடைத்தார் என்று நினைக்கவே கூச்சமாக இருக்கிறது. ஆனால் என் வாழ்க்கையில் அது அப்படித்தான் நடந்தது. எண்பதுகளின் தொடக்கத்தில், ஒரு ஆனி மாதத்தில், அதே வீட்டில் கண்ணை மூடினார். பின்னால் தீவே இடம்பெயர்ந்தபோது அம்மா முன்னறைச் சுவரில் மாட்டியிருந்த அந்தக் கடைப் படத்தைக் கழற்ற மறந்துபோனா. போரில் கூரையும் போனது, சுவரும் போனது.

நான் இப்போது கனடாவில் இருக்கிறேன். இங்கே சித்திரச் சாமான் கடைகளில் அந்த மஞ்சள் திரவம் வரிசை வரிசையாக அடுக்கியிருக்கிறது. நெடிகூட இல்லாமல் செய்துவிட்டார்கள். போன வருஷம் ஊருக்குப் போனேன். நான் தேடிப் போனவர்களில் ஒருவரும் அங்கே இல்லை. பூட்டிய வீடுகள், பூட்டுவதற்குக் கதவில்லாத வீடுகள், தூர்ந்த கிணறுகள். கோயிலடியில் பூப்பறித்துக்கொண்டிருந்த வயதான ஒரு பெண் மட்டும் என்னை நிமிர்ந்து பார்த்து, "ஆற்றை பிள்ளை நீர்?" என்று கேட்டா.

ஐயாவின் பெயரைச் சொன்னேன்.

"ஓ, சுருட்டுக்கடை நடராசாவோ? அந்த மனிசன் எந்தநாளும் தெற்கிலையெல்லோ இருந்தவர். இஞ்சை ஆர் அவரைக் கண்டது?"

"இல்லை அக்கா, கடைசி வருஷங்கள் முழுக்க எங்களோடை இஞ்சைதான் இருந்தவர்" என்றேன். "நான் கண்டனான்."