காக்கி போட ஆளில்லாத தெரு

கொலைகாரனாக நடிக்க எங்கள் தெருவில் பெரிய போட்டியே நடந்தது. கஞ்சா விற்கிறவன், கத்தி எடுக்கிறவன், அடிபட்டுச் சாகிறவன், எல்லாவற்றுக்கும் ஆள் வரிசையில் நின்றது. தோல் பதனிடும் டேனரியில் லோடு தூக்குகிற ஓர் அண்ணன், தன்னை இரண்டு தடவை சாகடிக்க முடியுமா என்று கேட்டார். இன்ஸ்பெக்டராக நடிக்கத்தான் ஒருவரும் வரவில்லை. வேலூரில் நாடக டிரஸ் வாடகைக்கு விடும் கடையிலிருந்து என் தம்பி கொண்டுவந்த காக்கிச் சட்டை, ஒரு வாரமாக எங்கள் வீட்டு ஆணியில் தொங்கிக்கொண்டிருந்தது.

தம்பி ராப் பாடுகிறவன். ஆம்பூரில் ராப்பா என்று சிரிக்கிறவர்களைப் பார்த்தால் எனக்குப் பற்றிக்கொண்டு வரும். பிரியாணியைத் தவிர இந்த ஊரிலிருந்து வேறு எதுவும் வெளியே போகக் கூடாது என்று சட்டமா? நாங்கள் தைத்த ஷூ எந்தெந்த நாட்டிலோ நடந்துகொண்டிருக்கிறது. அவன் பாட்டும் போகட்டுமே. டேனரியில் தோலைப் போட்டுச் சுற்றுகிற பெரிய மரப் பீப்பாயின் சத்தத்தைப் போனில் பதிவு செய்து, அதன் மேல் பாடுவான். பிறந்ததிலிருந்து நாங்கள் கேட்கிற சத்தம்தான். அதற்குள் ஒரு தாளம் இருக்கிறது என்று அவன் சொல்லித்தான் தெரியும்.

பாட்டு போதாமல் படம் எடுக்கக் கிளம்பினான். கதை, பாட்டு, டைரக்‌ஷன், ஹீரோ எல்லாம் அவனே. கேமரா, தோஸ்த் ஒருவனின் போன். ஜீப், இன்னொரு தோஸ்த்தின் மாமாவுடையது. அதன் தலையில் சுழலும் விளக்குக்குக் கல்யாண டிஜே செட்டிலிருந்து ஒன்றைக் கட்டினார்கள். அது சிவப்பு, நீலம் என்று ஒழுங்காகப் போய்க்கொண்டிருக்கும்போதே நடுவில் பச்சைக்கும் போய்விடும்.

"அக்கா, நீதான் காக்கி போடணும்," என்றான் ஒரு நாள்.

"இன்னாடா உளர்ற?"

"கம்பெனில ஒரு லைன் பொம்பளைங்கள அதட்டறவ நீ. உனுக்கு நடிக்கவே தேவையில்ல."

நான் ஷூ கம்பெனியில் ஒரு தையல் லைனுக்கு சூப்பர்வைசர். அதட்டுகிறேன் என்று அவன் சொன்னது பொய் இல்லை. ஆனால் எனக்கு வேறு பயம் இருந்தது. சூப்பர்வைசர் ஆன அன்று, ஆபீஸில் என் முகவரியைக் கேட்ட மனிதர், நான் தெருப் பெயரைச் சொன்னதும் தலையைத் தூக்கி ஒருமுறை என்னைப் பார்த்தார். அந்தப் பார்வை எங்கள் தெருக்காரர்கள் எல்லாருக்கும் பழக்கம். ஊரில் எங்கே எது காணாமல் போனாலும் போலீஸ் ஜீப் முதலில் எங்கள் தெருவுக்குத்தான் வரும். இந்த லட்சணத்தில் கத்தி, கஞ்சா என்று நாங்களே படம் எடுத்து ஊருக்குப் போட்டுக் காட்டினால் எங்கள் பெயர் என்ன ஆகும்?

அம்மா நேராகவே சொல்லிவிட்டாள். "வேலியில போற ஓணானப் புடிச்சி மடியில வுட்டுக்கினு, அப்பறம் குத்துதே கொடையுதேன்னு வராத. ஏற்கெனவே ரவுடித் தெருன்றானுங்க. நீ வேற எடுத்துக் குடு."

"நடந்தத நடந்த மாதிரி காட்டப்போறேம்மா. அவ்ளோதான்."

நடந்தது என்று அவன் சொன்னது அவனுக்கு நடந்ததை. காலேஜ் முதல் வருடத்தில் ஒரு நாள் காலை, வாசலில் பல் தேய்த்துக்கொண்டிருந்தவனை ஜீப்பில் ஏற்றிக்கொண்டு போனார்கள். பஜாரில் ஏதோ ஒரு கடையை உடைத்துவிட்டார்களாம். அம்மாவும் நானும் அதற்கு முன்பே கம்பெனி பஸ் ஏறிவிட்டோம். கம்பெனிக்குள் போன் கொண்டு போகக் கூடாது. சாயங்காலம் தெருமுனையில் இறங்கிய பிறகுதான் எங்களுக்கே தெரியும். எங்கள் பக்கம் ஒருவரை வேலூருக்குக் கொண்டுபோனார்கள் என்றால் பெரிய ஆஸ்பத்திரி, இல்லாவிட்டால் ஜெயில். இவனையும் அங்கே கொண்டுபோய்விடுவார்களோ என்று அந்த ராத்திரி அம்மா இரண்டையும் நினைத்து நினைத்து அழுதாள். மறுநாள் உண்மையான திருடன் வேறு ஊரில் மாட்டிக்கொண்டதும், இவனைப் போ என்று அனுப்பிவிட்டார்கள். உதடு வீங்கி வந்தான். அடித்ததைப் பற்றி ஒன்றும் பேசவில்லை.

"தெருவே பாத்துகினு நின்னுச்சுக்கா. இன்னா ஏதுன்னு ஒருத்தர் கேக்கல," என்று மட்டும் சொன்னான். அதற்குப் பிறகுதான் அவன் எழுத ஆரம்பித்தான்.

அதனால்தான் நான் காக்கி போட்டேன். பெயர் கெட்டால் கெடட்டும், அவன் நெஞ்சில் இருப்பது இறங்கட்டும் என்றுதான்.

கம்பெனி லீவு என்பதால் அந்தக் காட்சியை ஒரு ஞாயிற்றுக்கிழமை எடுத்தோம். கோயிலுக்கும் சர்ச்சுக்கும் போய் வந்தவர்கள் எல்லாம் வாசலில் இருந்தார்கள். தம்பி ஒவ்வொரு வாசல்படிக்கும் முன்னால் சாக்பீஸால் ஒரு கோடு போட்டான்.

"இந்தக் கோட்டத் தாண்டக் கூடாது. பேசக் கூடாது. பாத்துகினு மட்டும் நிக்கணும்," என்று வீடு வீடாகச் சொன்னான். சுலபமான வேலை என்று எல்லாரும் தலையாட்டினார்கள்.

நான் ஜீப்பிலிருந்து இறங்கி, வாயில் பிரஷ்ஷும் நுரையுமாக நின்றவனின் சட்டையைப் பிடித்து இழுத்தேன். நாலடி நடப்பதற்குள் எதிர்வீட்டுச் சித்தி கோட்டைத் தாண்டி வந்துவிட்டார். சித்தி எங்களுக்கு உறவு இல்லை. வாய் கொஞ்சம் ஜாஸ்தி, தெருவில் அவர் பேச்சுக்கு மறுபேச்சு கிடையாது.

"கட். சித்தி, நீ சரியா நிக்கல. கோட்டுக்கு அந்தாண்ட நில்லு."

"சரிடா, சரிடா."

அடுத்த டேக்கில் சித்தியோடு இன்னும் இரண்டு பேர் வந்தார்கள். அதற்கடுத்த டேக்கில் அரைத் தெருப் பெண்கள் இறங்கிவிட்டார்கள். சித்தி ஜீப்பின் முன்னால் போய்ச் சம்மணம் போட்டு உட்கார்ந்துகொண்டார். டிஜே விளக்கு அவர் தலைக்கு மேல் பச்சையாக எரிந்தது. எனக்குச் சிரிப்பு வந்தது. தம்பிக்கு வரவில்லை. நுரையைத் துப்பிவிட்டு, இத்தனை வருடமாக யாரிடமும் சொல்லாததை நடுத்தெருவில் சொன்னான்.

"அன்னிக்கு நீங்க யாருமே வர்ல சித்தி. அதான நடந்துச்சு? அதத்தான எடுக்கறேன்."

இறங்கி வந்தவர்கள் எல்லாரும் தலையைக் குனிந்துகொண்டார்கள். யாராவது சண்டைக்கு வந்திருந்தால்கூடத் தேவலை. சித்தி உட்கார்ந்த இடத்திலிருந்து எழவில்லை.

"வர்லதான். கதவுக்குப் பின்னால நின்னுகினு இருந்தேன். வெளிய வந்தா என் புள்ளையயும் ஏத்திடுவானுங்களோன்னு பயம். உங்கம்மா மூஞ்சியப் பாக்கும்போதெல்லாம் அது எனுக்கு ஞாபகம் வரும். அன்னிக்கு நின்னது போதும்டா. இன்னொரு தபா நிக்கச் சொல்லாத."

"நடிப்புக்குத்தான சித்தி."

"நடிப்புக்கும் என்னால முடியாது."

அம்மா எங்கள் வாசலில் நின்று முந்தானையால் முகத்தைத் துடைத்தாள். காக்கி போட்டுக்கொண்டு நானும் அழுவது நன்றாக இருக்காது என்று தொப்பியை இறக்கிவிட்டுக்கொண்டேன். தம்பி வாசல்படியில் உட்கார்ந்து வாய் கொப்பளித்தான். பிறகு எழுந்து, வீடு வீடாகப் போய், கோடுகளையெல்லாம் காலால் தேய்த்து அழித்துவிட்டு வந்தான்.

"சரி, ஓட்டு," என்றான் போன் வைத்திருந்தவனிடம்.

இந்தத் தடவை என்ன செய்ய வேண்டும் என்று ஒருவருக்கும் சொல்லித்தரவில்லை. நான் அவனை இழுத்தேன், பெண்கள் இறங்கி வந்தார்கள், ஜீப்பைச் சுற்றி உட்கார்ந்தார்கள். எல்லாருக்கும் முன்னால் அம்மா உட்கார்ந்திருந்தாள். நான் "வழிய வுடுங்க" என்று கத்த வேண்டும். அதற்குள் ஜீப் லேசாக நகர்ந்தது. வசனம் மறந்துபோய், "சித்தி, கால இழுத்துக்கோ, டயரு ஏறிடப் போவுது," என்று சொல்லிவிட்டேன்.

அதைக் கட் பண்ணச் சொல்லி எவ்வளவோ கெஞ்சினேன். கேட்கவில்லை. நடந்ததை நடந்த மாதிரி காட்டப்போவதாகச் சொன்னாயே என்று மடக்கிப் பார்த்தேன்.

"இதுவும் நடந்ததுதானக்கா. ஞாயித்துக்கெழம நடந்துச்சு," என்றான்.

படத்தை ரேஷன் கடைச் சுவரில் வேட்டியைத் திரையாகக் கட்டிப் போட்டோம். இரண்டு தடவை செத்த அண்ணனுக்கு இரண்டு தடவையும் விசில். கத்தி, ரத்தம் எல்லாம் வந்தபோது கத்திக்கொண்டிருந்த கூட்டம், பெண்கள் வாசல்படி இறங்கியதும் சத்தமில்லாமல் பார்த்தது. யூடியூபில் போட்ட பிறகு எங்கிருந்தோ ஒருவர், "இன்ஸ்பெக்டர் ஏன் அந்த அம்மாவைச் சித்தி என்கிறார்?" என்று கேட்டிருந்தார். ஆற்காட்டிலிருந்து இன்னொருவர், "இன்ஸ்பெக்டருக்கும் ஒரு தெரு இருக்கும் இல்லையா?" என்று பதில் எழுதியிருந்தார். ஓணான் கதை சொன்ன அம்மா, மறுநாள் கம்பெனி பஸ்ஸில் போனை வரிசையாகக் கைமாற்றி எல்லாரையும் பார்க்க வைத்தாள். "என் புள்ள எடுத்தது," என்று டிரைவரிடமும் சொன்னாள். அந்த பஸ்ஸில் அன்று நான் தலையை நிமிர்த்தி உட்கார்ந்து வந்தேன். ரவுடித் தெரு என்றால் என்றுவிட்டுப் போகட்டும். இப்போதெல்லாம் என் முகவரியை யாரும் கேட்காமலே சொல்கிறேன்.

சில மாதம் கழித்து ஒரு சாயங்காலம், நாங்கள் பஸ் இறங்கி வீட்டுக்குள் போன கொஞ்ச நேரத்தில் ஒரு ஜீப் வந்தது. இதன் விளக்கு பச்சைக்கு மாறவில்லை. கடைசி வீட்டில் ஷேர் ஆட்டோ ஓட்டுகிறவனைத் தேடி வந்திருந்தார்கள். ஏதோ வண்டி காணவில்லையாம். அவன் கையைப் பிடித்து வெளியே கொண்டுவந்தபோது, எதிர்வீட்டுக் கதவு திறந்தது. சித்தி அரிசி களைந்த கையோடு படி இறங்கினார். அவர் பின்னால் ஒவ்வொரு வாசலிலிருந்தும் ஒவ்வொருத்தியாக இறங்கினோம். யாரும் கத்தவில்லை.

"இன்னா கேசு சார்?" என்று சித்தி கேட்டார். "பேப்பர் எதனா கீதா? அவங்கம்மா வேலைக்குப் போய்க்கிது. நீங்க போங்க, காலைல நாங்களே கூட்டியாறோம். எங்கயும் ஓடிட மாட்டான்."

வந்த அதிகாரி எங்களைச் சுற்றிலும் பார்த்தார். போனைத் தூக்கிப் பிடித்திருந்த என் தம்பியையும் பார்த்தார். கொஞ்சம் யோசித்தார். பிறகு, காலையில் கட்டாயம் வர வேண்டும் என்று சொல்லிவிட்டு ஏறிக்கொண்டார். சொன்னபடியே மறுநாள் நாங்கள் அவனைக் கூட்டிக்கொண்டு போனோம். மதியச் சோற்றுக்கு அவனைத் திரும்பவும் கூட்டிவந்துவிட்டோம்.

ஆனால் அந்தச் சாயங்காலம், ஜீப் முனை திரும்புகிறவரை சித்தி நின்ற இடத்தை விட்டு அசையவில்லை. ஈரக் கையைப் புடவையில் துடைத்துக்கொண்டே என் தம்பி பக்கம் திரும்பினார்.

"இன்னாடா, இப்ப சரியா நின்னனா?"

தம்பி போனை இறக்கினான், மூக்கை உறிஞ்சினான்.

"டேக் ஓகே சித்தி," என்றான்.