உமாராணி பார்த்த அலைகள்

எங்கள் வார்டில் உமாராணியைப் போல் தொல்லை பிடித்தவள் கிடையாது. அருப்புக்கோட்டைக்காரி, குவைத்துக்கு வந்து பதினோரு வருஷம். குழந்தைகள் ஐசியூவில் பச்சைப் பிள்ளைகளின் தலையில் ஒயர்களை ஒட்டி, மூளை எப்படி வேலை செய்கிறது என்று திரையில் ஓடும் கோடுகளைப் பார்ப்பது அவள் வேலை. டியூட்டி முடிந்தாலும் கிளம்ப மாட்டாள். அப்பாசியாவில் நாங்கள் இருவரும் ஒரே பிளாட். அதே வார்டில் நான் நர்ஸ். அவளுக்காகச் சாம்பாரைச் சூடு பண்ணியே என் ஆயுள் தேய்கிறது.

கனகாவின் பெண் பிள்ளைக்கு அன்று எட்டாவது நாள். பிறக்கும்போது மூச்சுத் திணறியதில் வலிப்பு வந்திருந்தது. கைகால் இழுக்காது, முகம் கோணாது. மூளைக்குள் மட்டும் ஓடும் வலிப்பு. கோடுகளைப் பார்த்தால்தான் தெரியும். மருந்தில் அது அடங்கி ஒரு நாள் ஆனதால், மூச்சுக்காகச் செருகியிருந்த குழாயைக் காலையில்தான் எடுத்திருந்தோம்.

மதியம் இரண்டு மணிக்குத் திரையில் ஒரே சீராக அலைகள் எழும்பின. வலிப்பு திரும்பிவிட்டது என்று டாக்டர் ருமைஸா இன்னொரு மருந்தை ஏற்றச் சொன்னார். ஏற்றினால் மூச்சு மந்தப்படும், மறுபடி குழாய்தான். ஆனாலும் மருந்தை ஊசியில் எடுத்துவிட்டேன்.

உமாராணி திரையை விட்டு நகரவில்லை. போர்வைக்குள் பிள்ளையைத் தட்டிக்கொண்டிருக்கிறாயா என்று தொட்டில் பக்கத்தில் உட்கார்ந்திருந்த கனகாவைக் கேட்டாள்.

கனகா என்னைப் பார்த்தாள். "இல்லங்க. நான் தொடவே இல்ல."

பெற்றவளே இல்லை என்கிறாள், இவளுக்கு என்ன வந்தது என்று எனக்கு எரிச்சல். உமாராணியைத் தள்ளி நிற்கச் சொன்னேன். அவள் அசையவில்லை. ஒயர் ஒட்டும் பசை டப்பாவையும் பஞ்சையும் கனகாவிடம் நீட்டினாள்.

"ரெண்டு கையிலயும் ஒண்ணொண்ணா பிடிச்சுக்கம்மா."

கனகா போர்வைக்குள்ளிருந்து வலது கையை வெளியே எடுத்தாள். அலைகள் நின்றன.

கனகாவுக்கு அழுகை வந்துவிட்டது. "காலையில சிஸ்டர் தொடாதேன்னு சத்தம் போட்டாங்க. பிள்ள முனகுச்சு, மனசு கேக்கல."

சத்தம் போட்ட சிஸ்டர் நான்தான். என் வாய்க்குப் பயந்து அவள் பொய் சொன்னாள். அந்தப் பொய்யை நம்பி நான் ஊசியோடு நிற்கிறேன். வெட்கமாக இருந்தது.

உமாராணி கனகாவின் கையைப் பிள்ளைமேல் திரும்ப வைத்தாள்.

"இப்ப தட்டும்மா."

அலைகள் எழும்பின. வலிப்பு இல்லை, தட்டும்போது ஒயர் ஆடுவதுதான். டாக்டர் என்னைப் பார்த்து மருந்து வேண்டாம் என்று தலையசைத்தார். அந்த அலைகளுக்குக் கீழே, 'அம்மா தட்டுகிறார்' என்று உமாராணி குறித்து வைத்தாள்.