கை தூக்காத ஞாயிறு

பயம் வந்துவிட்டால் எனக்குப் பொய் சுலபமாக வரும். அன்றைக்கு வாயைத் திறக்காமலேயே ஒரு பொய் சொன்னேன்.

எனக்கு அப்போது ஐந்தாம் மாதம். என் ஓரகத்திக்கு ஏழு. அவருக்கு இது இரண்டாவது. அவரை அக்கா என்றுதான் கூப்பிடுவேன். ஆம்பூரில் ஒரு பிசியோதெரபிஸ்ட் தன் வீட்டு மாடியில் ஞாயிறு மாலைகளில் கர்ப்பிணிகளுக்குப் பிலாட்டிஸ் உடற்பயிற்சி சொல்லிக்கொடுக்கிறார் என்று சர்ச்சில் கேள்விப்பட்டு, அக்காதான் என்னையும் இழுத்துக்கொண்டு போனார். டாக்டரும் செய்யலாம் என்றிருந்தார். மாமியாருக்கு மட்டும் பிடிக்கவில்லை. "மாசமா இருக்கறவ தரையில உருண்டு இன்னா பண்ணப் போற?" என்பார்.

பாய் விரிக்கும் முன் பிசியோதெரபிஸ்ட் ஒவ்வொரு வாரமும் கேட்பார். "ரத்தம் பட்டுச்சா? தலை சுத்துதா? வயிறு இறுக்கிப் பிடிக்குதா? இருந்தா கை தூக்குங்க. இன்னைக்கு எதுவும் செய்ய வேணாம், நேரா டாக்டர்கிட்ட போய்டுங்க."

அன்று காலை உள்ளாடையில் ஒரு பொட்டு ரத்தம் பார்த்திருந்தேன். கை தூக்கவில்லை.

ஷூ கம்பெனியில், செக்கிங் பிரிவில் எனக்கு ஒன்பது வருஷம். தோலில் நகக்கீறல் அளவு குறை இருந்தாலும் எடுத்துத் தள்ளி வைப்பேன். என் ரத்தத்தை மட்டும் பாஸ் பண்ணிவிட்டேன். அக்காவுக்குத் தெரிந்தால் மாமியாருக்குத் தெரிந்துவிடும். கேள்விமேல் கேள்வி வரும். பழைய கதையும் வெளியே வரும். இரண்டு வருஷத்துக்கு முன் ஒன்று இரண்டாம் மாதத்திலேயே கலைந்திருந்தது. மூன்று மாதம் முடியட்டும் என்று நானும் கணவரும் யாரிடமும் சொல்லாமல் இருந்தோம். போன பிறகு சொல்ல என்ன இருக்கிறது? டாக்டருக்கு மட்டும் தெரியும்.

இடது பக்கம் ஒருக்களித்துப் படுத்து, மூச்சை வெளியே விட்டபடி மேல்காலை மெல்லத் தூக்க வேண்டும். மூச்சை அடக்கவே கூடாது என்று பிசியோதெரபிஸ்ட் சொல்லிக்கொண்டே இருந்தார். நான் அடக்கிக்கொண்டுதான் கிடந்தேன். தொடையிடுக்கில் ஈரம். வேர்வைதான் என்று நினைத்துக்கொண்டேன். இரண்டாம் முறை தூக்கியபோது பிள்ளை நழுவி விழுந்துவிடும் போலிருந்தது. அப்படியெல்லாம் நடக்காது என்று தெரியும். தெரிந்து என்ன? மூன்றாம் முறை காலைத் தூக்க என்னால் முடியவில்லை.

"மேடம், எனக்குக் காலைல ரத்தம் பட்டுச்சு."

கத்திவிட்டேன் போலிருக்கிறது. எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள். அவர் திட்டவில்லை. பக்கத்தில் வந்து உட்கார்ந்து, "இதுக்கு முன்னாடி எதாவது கலைஞ்சிருக்காம்மா?" என்று கேட்டார். அதற்குள் அக்கா வந்து என் கையைப் பிடித்திருந்தார்.

"ஆமா மேடம். ரெண்டு வருஷம் முன்னாடி."

ஆட்டோ பிடித்து ஆஸ்பத்திரிக்குப் போனோம். டாக்டர் என் வயிற்றில் கருவியை வைத்து இங்கும் அங்கும் தேடினார். நான் ஜெபம்கூடச் செய்யவில்லை, கை தூக்காத என்னையே திட்டிக்கொண்டிருந்தேன். பிறகு துடிப்பு கேட்டது, வேக வேகமாக. ஸ்கேனும் பார்த்துவிட்டு, பிள்ளை நன்றாக இருக்கிறது, தான் சொல்லும்வரை பயிற்சி வேண்டாம் என்றார்.

வெளியே பெஞ்சில் அக்கா என் பக்கத்தில் உட்கார்ந்தார். மாமியாரிடம் என்ன சொல்லப்போகிறாரோ என்று எனக்கு அப்போதும் கிலி.

"ரெண்டு வருஷம்னா," என்றார் மெதுவாக, "எம் பொண்ணு ஞானஸ்நானம் அப்பவா?"

"அதுக்கு முந்தின நாள்க்கா."

"அன்னைக்குப் பந்தி பூரா நீதானடி பரிமாறுன?"

தலையாட்டினேன். அவர் முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டு குலுங்கி அழுதார். அந்தப் பிள்ளைக்காக ஒருவர் அழுது நான் பார்த்தது அதுதான் முதல் முறை.