எண்ணெய் பிரிக்கும் இயந்திரமும் எண்ணூர் தாஸும்

காட்டுப்பள்ளியில் எங்கள் கப்பல் நிற்கிறது. இன்ஜின் அறையில் கசிந்து தேங்கும் தண்ணீரிலிருந்து எண்ணெயைப் பிரிக்கும் இயந்திரத்தைப் பழுதுபார்க்க எண்ணூர் தாஸ் வந்திருக்கிறார். எண்ணெய் மேலே மிதந்து ஒதுங்குகிறது. மிச்சத்தை வடிகட்டி பிடிக்கிறது. அதையும் தாண்டி எண்ணெய் வந்தால் அலாரம் அடித்து, கடலுக்குப் போகும் வால்வு மூடிக்கொள்ள வேண்டும். சோதனையில் அலாரம் அடிக்கிறது, வால்வு மூடவில்லை.

“வடிகட்டியை மாத்தியாச்சே, போதாதா? சாயந்திரம் கிளம்பணும்” என்கிறேன்.

“இன்னா சார், எங்க அண்ணன் வெளிய வலை போட்டுகினு கீறாரு. நீ வுடுற எண்ணெ அவரு வலையிலதானே வந்து வுயும்?”

சாப்பாட்டைக்கூடத் தள்ளிவைத்துவிட்டு வால்வைக் கழற்றித் துடைத்து மாட்டுகிறார். இந்த முறை அது சட்டென்று மூடுகிறது. வெட்கத்தோடு அவர் கையைப் பற்றி நன்றி சொல்கிறேன்.

“கை கலீஜாயிடும் சார்.”

நான் விடவில்லை.